கதையைப் பிரித்துப் பார்க்கப் பழகுவோம்: மாணவர்களுக்குத் தேவையான முதல் சொற்கள்

கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், ஒரு சிறுகதையைப் பற்றி மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். கதையில் வந்த உவமைகளை எண்ணி வரிசைப்படுத்தியிருந்தேன். எது குறியீடு, எது படிமம், உச்சம் எந்தப் பத்தியில் வருகிறது என்று எல்லாவற்றுக்கும் அடிக்கோடு போட்டிருந்தேன். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் நான்கைந்து இடங்களில் ஒரே கேள்வி எழுதியிருந்தது: “அதனால் என்ன?” அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இன்று மாணவர்களோடு உட்கார்ந்து கதை படிக்கும்போது நானும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன்.

இலக்கியச் சொற்களைத் தெரிந்துகொள்வது பெரிய வேலை இல்லை. ஒரு மத்தியானத்தில் இருபது சொல்லுக்கு விளக்கம் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் “இது குறியீடு” என்று சொல்லி நிறுத்திவிட்டால் கதையைப் பற்றி நாம் இன்னும் எதுவுமே சொல்லவில்லை. அந்தக் குறியீடு அங்கே என்ன வேலை செய்கிறது, அதை எடுத்துவிட்டால் கதைக்கு என்ன ஆகும் என்று சொல்லும்போதுதான் விமர்சனம் தொடங்குகிறது. அதனால் கீழே வரும் ஒவ்வொரு சொல்லையும் கதையிடம் கேட்கும் கேள்வியாகவே கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கும், கல்லூரியில் புதிதாக இலக்கியம் எடுத்தவருக்கும், வேலைக்குப் போய்க்கொண்டே கதை படிப்பவருக்கும் இது போதும்.

கையில் ஒரு கதை இல்லாமல் இதைப் பேச முடியாது. இந்தக் கட்டுரைக்காகவே ஒரு குட்டிக்கதை எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுக் கீழே வாருங்கள்.

வாசல்

அப்பா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சனிக்கிழமை இரவு முருகேசன் ஊருக்கு வந்தபோது, வாசலில் அப்பாவின் செருப்பு வீட்டைப் பார்த்துக் கிடந்தது.

“இதை இன்னும் தூக்கிப் போடலையாம்மா?”

“ஆம்பளை செருப்பு வாசல்ல கிடக்கட்டும்டா. தனியா இருக்கேன்ல.”

அவனுக்கு அது சரியென்று பட்டது. சென்னைக்கு வந்துவிடச் சொல்லி இந்த முறையும் கூப்பிட்டான். அவள் இந்த முறையும் பதில் சொல்லாமல் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

காலையில் பால்காரர் மணி அடித்ததும் போய்க் கதவைத் திறந்தான். அம்மா ஏற்கெனவே கோலம் போட்டு முடித்திருந்தாள். செருப்பு தெருவைப் பார்த்துக் கிடந்தது. யார் கால் பட்டதோ என்று நினைத்துக்கொண்டு பாலை வாங்கினான்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பித் தெருமுனை வரை போனவனுக்கு, சார்ஜரை மறந்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பினான். விளக்கு வைக்கும் நேரம். அம்மா வாசலில் குனிந்திருந்தாள். செருப்பை ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானையால் தூசி துடைத்து, வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

முருகேசன் பூவரச மரத்துப் பக்கத்திலேயே நின்றான். ஆறரை மணி பஸ் போகும் சத்தம் கேட்டது.

முதல் படி: பென்சிலைக் கீழே வையுங்கள்

முதல் வாசிப்பில் எதையும் தேடாதீர்கள். கதை எழுதப்பட்டது படிப்பதற்காக. சிரிப்பு வந்தால் சிரியுங்கள், தொண்டை அடைத்தால் அடைக்கட்டும். அந்த அனுபவம்தான் பிறகு நீங்கள் ஆராயப்போகும் பொருள். அது கிடைக்காமல் சொற்களோடு உள்ளே போனால் ஆராய எதுவும் இருக்காது.

இரண்டாவது முறை பென்சில் எடுங்கள். நீங்கள் நின்ற இடம், திரும்பிப் படித்த வரி, புரியாத வரி, “இது எதற்கு இங்கே?” என்று தோன்றிய சொல், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி. பெயர் எதுவும் எழுத வேண்டாம், புள்ளி போதும். இந்தக் கதையில் நான் “முந்தானையால்” என்ற இடத்தில் வைப்பேன். செருப்பை யாரும் முந்தானையால் துடைக்க மாட்டார்கள். பழந்துணி இருக்கும், துடைப்பம் இருக்கும். அப்படியிருந்தும் அவள் ஏன் முந்தானையை எடுத்தாள்? அப்புறம் “சார்ஜர்” பக்கத்தில் ஒன்று. காரணம் பிறகு வருகிறது.

நடந்தது ஒன்று, சொன்ன வரிசை வேறு

நிகழ்ச்சிகள் காலவரிசைப்படி நடப்பதைக் கதை என்கிறோம். ஆசிரியர் அவற்றைக் காரண காரியத்தோடு எந்த வரிசையில் நம்மிடம் கொடுக்கிறார் என்பது கதைப்பின்னல். இரண்டும் ஒன்று என்று நினைத்துக் கதைச்சுருக்கம் எழுதிவிட்டு விமர்சனம் எழுதியதாக நம்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

வித்தியாசம் தெரிய ஒரு சுலபமான வழி உண்டு. நடந்ததை எல்லாம் தேதிவாரியாக எழுதுங்கள். “வாசல்” கதையில் முதலில் நடந்தது அப்பாவின் மரணம். அதற்கடுத்து? அம்மா ஆறு மாதமாகக் காலையில் செருப்பைத் தெருப்பக்கமும் மாலையில் வீட்டுப்பக்கமும் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா வேலைக்குப் போய்த் திரும்புவதுபோல. காலவரிசையில் இரண்டாவதாக இருக்கும் இந்தச் செய்தி, பின்னலில் கடைசியில்தான் நமக்குக் கிடைக்கிறது. அதுவும் யாரும் சொல்லிக் கிடைக்கவில்லை. மூன்று முறை செருப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்து நாமே கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறோம். கதையின் கனம் எல்லாம் இந்தத் தள்ளிப்போடலில்தான் இருக்கிறது.

பின்னலைப் பேசும்போது உதவும் சில சொற்களையும் தெரிந்துகொள்ளுங்கள். வாசகரைக் காத்திருக்க வைக்கும் சிக்கல், முடிச்சு. அது இறுகி உச்ச அழுத்தத்துக்கு வரும் இடம், உச்சம். எதிர்பாராமல் திசை மாறினால் திருப்பம். நடுவில் பழைய காலத்துக்குப் போய் வந்தால் பின்னோக்கு. எல்லாக் கதையிலும் எல்லாமும் இருக்க வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை. இல்லாததைத் தேடிப்பிடித்து எழுத வேண்டாம்.

யார் கண் வழியாகப் பார்க்கிறோம்?

ஒரே ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொள்ள நேரம் இருந்தால் நோக்குநிலையைக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் ஆசிரியரையும் கதைசொல்லியையும் பிரித்துக்கொள்ள வேண்டும். கதையை எழுதியவர் ஆசிரியர். கதைக்குள் நின்று நமக்குச் சொல்லும் குரல் கதைசொல்லி. “நான்” என்று தொடங்கும் கதையில் அந்த நான் ஆசிரியர்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தமிழ்ச் சிறுகதையின் தொடக்க காலத்திலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. வ.வே.சு. ஐயர் 1915இல் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’ கதையைச் சொல்வது ஒரு மரம். அந்த மரம் நகராது, யார் வீட்டுக்குள்ளும் போகாது. அதன் நிழலுக்கு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டும், அதன் கண்முன் நடப்பதைப் பார்த்தும்தான் ருக்மிணி என்ற பெண்ணின் வாழ்க்கை அதற்குத் தெரியவருகிறது. பார்க்க முடிகிறது, அவளுக்கு நேரும் துயரத்தை ஓடிப்போய்த் தடுக்க முடியவில்லை. அதனால் என்ன? வாசகரும் அதே இடத்தில்தான் நிற்கிறார். பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்ய முடியாமல். மரத்தைக் கதைசொல்லியாக்கியது அலங்காரத்துக்கு அல்ல என்பது இப்படிக் கேட்டால்தான் புரியும்.

வகைகள் மூன்று தெரிந்தால் போதும். தன்மைக் கூற்று: “நான்” சொல்வது. படர்க்கைக் கூற்றில் இரண்டு. எல்லார் மனதுக்குள்ளும் நுழைந்து வரக்கூடிய, எல்லாம் அறிந்த கதைசொல்லி ஒன்று. யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று அவர் பார்ப்பதை மட்டும் பார்க்கும் கதைசொல்லி இன்னொன்று. “வாசல்” இந்த மூன்றாவது வகை. “அவனுக்கு அது சரியென்று பட்டது”, “யார் கால் பட்டதோ என்று நினைத்துக்கொண்டு” என முருகேசன் மனதுக்குள் போகிறோம். அம்மாவின் மனதுக்குள் ஒரு முறைகூடப் போகவில்லை. அவள் பேசுவதும் செய்வதும் மட்டும்தான் தெரிகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க நல்ல பயிற்சி, சொல்பவரை மாற்றி எழுதுவது. எல்லாருக்கும் தெரிந்த பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். காக்கா சொன்னால் அது ஏமாந்த கதை. நரி சொன்னால் சாமர்த்தியக் கதை. பாட்டி சொன்னால்? பாட்டிக்குத் தெரிந்தது ஒரு வடை போனது மட்டும்தான். மரத்தடியில் நடந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. பாட்டி சொல்லும் கதையில் நரியே வராது! நோக்குநிலை என்பது நடையை மட்டும் மாற்றும் விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள், கதையில் யார் யார் இருக்கலாம் என்பதையே அது தீர்மானிக்கிறது என்று இந்த இடத்தில் கண்டுகொள்வார்கள்.

“வாசல்” கதையின் கடைசிக் காட்சியை அம்மா “நான்” என்று சொல்வதாக எழுதிப் பாருங்கள். “அவர் வேலைக்குப் போயிட்டு வர்ற மாதிரி நினைச்சுக்கிட்டுத் திருப்பி வெச்சேன்” என்று ஒரு வரி வந்தே தீரும். வந்த உடனே கதை விழுந்துவிடும்.

சொல்பவர் சொல்வதை அப்படியே நம்ப முடியாத கதைகளும் உண்டு. சொல்பவர் சிறுபிள்ளையாக இருக்கலாம், பொறாமைக்காரராக இருக்கலாம், தன்னையே ஏமாற்றிக்கொள்பவராக இருக்கலாம். அவர்களை நம்பகமற்ற கதைசொல்லி என்பார்கள். அவர் சொல்வதற்கும் கதையில் நடப்பதற்கும் எங்கே இடைவெளி விழுகிறது என்று தேடுங்கள்.

மாந்தர்கள்: சொல்வதையும் செய்வதையும் தனித்தனியாக எழுதுங்கள்

பாத்திரம், கதைமாந்தர் எதையும் சொல்லலாம். “அவள் பாசமானவள்” என்று ஆசிரியரே சொல்லிவிட்டால் நேர்ச் சித்திரிப்பு. செயலாலும் பேச்சாலும் நாமே ஊகித்தால் குறிப்புச் சித்திரிப்பு. ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் அந்தப் பாத்திரம் வாயால் சொன்னது, வலப்பக்கம் கையால் செய்தது என்று எழுதுங்கள். அம்மாவுக்கு இடப்பக்கம் ஒரே வரி: செருப்பு பாதுகாப்புக்காக. வலப்பக்கம்: பதில் சொல்லாமல் தோசைக்கல் வைக்கிறாள், விடியுமுன் எழுந்துவிட்டாள், துடைக்கிறாள், திருப்பி வைக்கிறாள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை. அந்த ஒவ்வாமையில்தான் அம்மா என்ற பாத்திரம் உயிரோடு இருக்கிறாள். அவள் பொய் சொல்லவும் இல்லை, தனியாக இருக்கிறவளுக்கு அந்தப் பயமும் உண்மைதான்.

கதையின் முடிவில் யார் மாறியிருக்கிறார் என்றும் கேளுங்கள். அம்மா மாறவில்லை. மாறியது முருகேசன், அல்லது அவன் மாறத் தொடங்கும் நொடியில் கதை நின்றுவிட்டது.

இடமும் பொழுதும்

களம், பின்னணி, சூழல் என்று பலவிதமாகச் சொல்கிறார்கள். இந்த விஷயத்தில் நம்மிடம் பழைய, கூர்மையான ஒரு கருவி இருக்கிறது. தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவை கருப்பொருள். அங்கே நிகழும் மன ஒழுக்கம் உரிப்பொருள். எங்கே, எப்போது நடக்கிறது என்பதற்கும் என்ன உணர்வு என்பதற்கும் உறவு உண்டு என்ற எண்ணம் இதில் அடிப்படையாக இருக்கிறது. இன்றைய சிறுகதையைப் படிக்கும்போதும் இந்தக் கேள்வி அப்படியே பயன்படும்: இந்த உணர்வுக்கு ஏன் இந்த இடம், ஏன் இந்தப் பொழுது?

கதையின் கடைசிக் காட்சி விளக்கு வைக்கும் நேரத்தில் நடக்கிறது. முல்லைத் திணையின் சிறுபொழுது மாலை. அதன் உரிப்பொருள் இருத்தல், அதாவது பிரிந்து போன தலைவன் வருவான் என்று தலைவி ஆற்றியிருப்பது. வெளியே போனவர்கள் வீடு திரும்பும் நேரத்தில் ஒரு பெண் வாசலில் நிற்கிறாள் என்றால், தமிழ் வாசகருக்கு அதற்குப் பின்னால் இரண்டாயிரம் வருடக் காத்திருப்பு இருக்கிறது. ஆனால் முல்லைத் தலைவன் வந்துவிடுவான், இங்கே அப்பா வரமாட்டார். ஒரு மரபைத் தெரிந்துகொண்டு படித்தால், கதை அதோடு எங்கே சேர்கிறது, எங்கே விலகுகிறது என்று பார்க்க முடிகிறது. விலகும் இடத்தைத்தான் எழுத வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தேர்வுத்தாள்களில் கதையின் மையக் கருத்தையும் “கருப்பொருள்” என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. தொல்காப்பியத்தின் கருப்பொருள் வேறு, அது மரமும் பறவையும். சிறுகதையைப் பற்றி எழுதும்போது நான் “கரு” என்றே எழுதுவேன். குழப்பம் வராது.

எது எதோடு மோதுகிறது?

மோதல் என்றாலும் முரண் என்றாலும் ஒன்றுதான். மனிதரும் மனிதரும், மனிதரும் சமூகமும், மனிதரும் இயற்கையும், ஒருவர் தனக்குள்ளேயே. பட்டியல் இவ்வளவுதான். “வாசல்” கதையில் மேலோட்டமாகப் பார்த்தால் சென்னைக்கு வா, வரமாட்டேன் என்ற இழுபறி. அது இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. உள்ளே இருப்பது, அப்பா போய்விட்டார் என்பதை ஏற்ற மகனும், அதைத் தன் வழியில் தினமும் கொஞ்சம் ஒத்திப்போடும் அம்மாவும்.

பொருளை முதலில் பொருளாகவே பாருங்கள்

உவமை, உருவகம் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ‘மலர் போன்ற முகம்’ உவமை, ‘முகமலர்’ உருவகம். படிமம் என்பது கண்ணில், காதில், தோலில் படும்படி வார்த்தையால் எழுப்பும் காட்சி. குனிந்து செருப்பைத் துடைக்கும் அம்மா ஒரு படிமம். குறியீடு என்பது, ஒரு பொருள் தானாகவும் இருந்துகொண்டு தன்னைத் தாண்டிய ஒன்றையும் சுமப்பது.

குறியீடு வேட்டையில் மாணவர்கள் சீக்கிரம் வழி தவறுகிறார்கள். மழை வந்தால் துயரம், விளக்கு வந்தால் நம்பிக்கை, பறவை வந்தால் விடுதலை என்று அகராதி போட்டு வைத்துக்கொள்வார்கள். கதைக்கு வெளியே இருந்து அர்த்தத்தைக் கொண்டுவரக் கூடாது. மூன்று சோதனை வையுங்கள். அந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறதா? முக்கியமான இடங்களில் வருகிறதா? அதை எடுத்துவிட்டு வேறு பொருள் வைத்தால் கதை நிற்குமா?

செருப்பு மூன்று முறை வருகிறது. தொடக்கத்தில், நடுவில், முடிவில். மூன்றாவது சோதனைதான் சுவாரசியம். செருப்புக்குப் பதில் ஆணியில் தொங்கும் அப்பாவின் சட்டை என்று வைத்துப் பாருங்கள். சட்டையும் நினைவுதான், ஆனால் சட்டைக்குத் திசை கிடையாது. போகும் பக்கம், வரும் பக்கம் என்று பார்க்க அதற்கு முகம் இல்லை. மூக்குக்கண்ணாடி? அதுவும் ஆகாது. போவதையும் வருவதையும் தன் கிடப்பிலேயே காட்டக்கூடிய பொருள் செருப்புதான். அதனால் இது குறியீடு. மாறாக, தோசைக்கல்லைக் குறியீடு என்று எழுதினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது தோசைக்கல். பேச்சை மாற்ற அவளுக்கு உதவுகிறது, அவ்வளவுதான்.

நம் மரபில் உள்ளுறை என்று ஒன்று உண்டு. கருப்பொருள்களில் தெய்வம் தவிர மற்றவற்றை வைத்து, வெளியே ஒரு காட்சியும் உள்ளே ஒரு பொருளும் அமையப் பாடுவது. எருமை தாமரையை மேயும் காட்சிக்குள் தலைவனின் நடத்தை ஒளிந்திருக்கும். சங்கப்பாடல் படிப்பவர்கள் இதைப் பழகினால் சிறுகதையின் குறியீடும் சீக்கிரம் கைவரும்.

நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது

பின்னால் வரப்போவதற்கு முன்னாலேயே ஒரு சின்ன அடையாளம் வைப்பது முன்னுணர்த்தல். பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரிந்திருப்பதால் பிறக்கும் பதைப்பு நாடக முரண். சொல்வதற்கும் உண்மைக்கும், எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் நேரெதிர் உறவு இருந்தால் முரண்நகை. சமூகக் குறையைக் குத்திக்காட்டும் கேலி அங்கதம். முரண்நகையையும் அங்கதத்தையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள். முரண்நகையில் சிரிப்பே இல்லாமலும் இருக்கலாம்.

இவற்றைப் பழகச் சிலப்பதிகாரத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கோவலனும் கண்ணகியும் மதுரையின் வெளிப்புறத்துக்கு வந்து சேர்கிறார்கள். கோட்டை மதிலின் மேல் கொடிகள் ஆடுகின்றன. “வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட” என்கிறார் இளங்கோவடிகள். வராதே என்று கை காட்டி மறிப்பதுபோல. இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுவதால் இது தற்குறிப்பேற்ற அணி என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அங்கே நிறுத்தாமல், அதனால் என்ன என்று கேளுங்கள்.

கொடி ஆடுவது காற்றில். அதை “வராதே” என்று மொழிபெயர்த்தது கவிஞர். மொழிபெயர்த்தது யாருக்காக? கோவலனுக்கு அந்தக் குரல் கேட்கவில்லை, நமக்கு மட்டும் கேட்கிறது. அதற்கு முன்பே, கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தான் கண்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்லிவிட்டாள்: கணவனோடு ஒரு பெரிய ஊருக்குப் போனது, ஊரார் பழி சொன்னது, கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது, அரசன் முன் தான் வழக்குரைத்தது. இவ்வளவையும் நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் காப்பியம் நம்மை மதுரை வாசலில் நிறுத்துகிறது. பிறகு கொலைக்களக் காதையில், அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே கோவலன் கண்ணகியின் சிலம்பை விலைபேசப் போகிறான். அவன்தான் திருடன் என்று நமக்குத் தெரிகிறது, கோவலனுக்குத் தெரியவில்லை. முடிவு தெரிந்துவிட்டதால் ஆர்வம் குறையவில்லை. “என்ன நடக்கும்?” என்ற கேள்வி போய், “யாராவது இதைத் தடுக்க மாட்டார்களா?” என்ற தவிப்பு வந்துவிடுகிறது.

“வாசல்” கதைக்குத் திரும்புவோம். “யார் கால் பட்டதோ” என்று முருகேசன் நினைக்கும்போது முதல் வாசிப்பில் நமக்கும் தெரியாது. அங்கே நாடக முரண் இல்லை. இரண்டாவது முறை படிக்கும்போது நமக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்கு இன்னும் தெரியவில்லை. அதே வரி இப்போது வலிக்கிறது. இரண்டு முறை படிக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

சார்ஜரைப் பற்றிச் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். முருகேசன் திரும்பி வர ஒரு காரணம் வேண்டும், சார்ஜர் அந்த வேலையைச் செய்கிறது. கொஞ்சம் வசதியான தற்செயல். கதையில் பலவீனமான இடம் அதுதான். குறையைக் கண்டால் தயங்காமல் எழுதுங்கள், காரணத்தோடு.

தொனி

கதைசொல்லியின் குரலில் இருக்கும் மனநிலை தொனி. கனிவா, எரிச்சலா, விலகலா? இதே சொல் வடமொழிக் காவியக் கொள்கையில் வேறு பொருளில் வரும். அங்கே த்வனி என்றால் சொல்லாமல் உணர்த்தப்படும் குறிப்புப் பொருள். பழைய விமர்சனக் கட்டுரைகளைப் படிக்கும்போது எந்தப் பொருளில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தொனியைப் பிடிக்க வினைச்சொற்களையும் அடைமொழிகளையும் எண்ணிப் பாருங்கள். “வாசல்” கதையில் அழுகை, சோகம், ஏக்கம், கண்ணீர் என்ற சொற்களில் ஒன்றுகூட இல்லை. வைத்தாள், வாங்கினான், துடைத்து, நின்றான் என்று கை கால் அசையும் வினைகள்தான். கதைசொல்லி அழ மறுப்பதால் அந்த வேலை வாசகரிடம் வந்துவிடுகிறது.

கருவை ஒற்றைச் சொல்லில் எழுதாதீர்கள்

“இக்கதையின் கரு தாய்ப்பாசம்.” இது கரு இல்லை, தலைப்பு. “பெற்றோரைத் தனியே விடக்கூடாது.” இது நீதி. கரு என்பது அந்தத் தலைப்பைப் பற்றி இந்தக் கதை என்ன சொல்கிறது என்பது. அதற்கு எழுவாய், பயனிலையோடு ஒரு முழு வாக்கியம் வேண்டும். நான் எழுதினால்: துணையை இழந்தவர் அந்த இழப்போடு வாழக் கண்டுபிடித்த வழி, பெற்று வளர்த்த பிள்ளைகளுக்குக்கூடக் கண்ணில் படாமல் போகலாம். நீங்கள் வேறுவிதமாக எழுதலாம். கதையில் இருக்கும் எந்த வரியும் உங்கள் வாக்கியத்தோடு சண்டை போடக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. கருவைக் கடைசியில் எழுதுங்கள். முதலிலேயே எழுதிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பொருந்தும்படி வளைக்கத் தோன்றும்.

எழுதும்போது

ஒரு பத்திக்கு மூன்று வேண்டும்: நீங்கள் சொல்லவரும் கருத்து, கதையிலிருந்து எடுத்த சொல் அல்லது வரி, இரண்டையும் சேர்க்கும் விளக்கம். இலக்கியச் சொல் அந்த விளக்கத்தில்தான் வர வேண்டும். இப்படி எழுதினால் போதாது:

“இக்கதை படர்க்கை நோக்குநிலையில் அமைந்துள்ளது. செருப்பு குறியீடாக வந்துள்ளது. முடிவு வாசகரைக் கவரும் வகையில் உள்ளது.”

மூன்று வாக்கியத்தில் எதுவும் தவறில்லை. மூன்றுக்கும் பக்கத்தில் “அதனால் என்ன?” என்று எழுதலாம். இதையே கொஞ்சம் தங்கி எழுதினால்:

“கதை முருகேசனின் நோக்குநிலையைவிட்டு நகரவில்லை. செருப்பு வாசலில் கிடப்பதற்கு ‘தனியா இருக்கேன்ல’ என்று அம்மா காரணம் சொல்கிறாள். அவனுக்கு ‘அது சரியென்று’ படுகிறது. அவன் வழியாக மட்டுமே பார்க்கும் நமக்கும் அப்படியே படுகிறது. காலையில் செருப்பு திசை மாறிக் கிடப்பதை அவனைப் போலவே நாமும் கடந்து போகிறோம். அதனால் கடைசிக் காட்சி அம்மாவின் துயரத்தை மட்டும் காட்டவில்லை. அதை இவ்வளவு நேரம் பார்க்கத் தவறியவர்களில் வாசகரையும் சேர்த்துவிடுகிறது.”

இதில் வந்த கலைச்சொல் ஒன்றே ஒன்று, நோக்குநிலை. அது போதுமானதாக இருந்தது.

அடுத்ததை நீங்கள் எழுதுங்கள். கடைசி வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆறரை மணி பஸ் போகும் சத்தம். முருகேசன் பஸ்ஸைத் தவறவிட்டானா, வேண்டுமென்றே விட்டுவிட்டானா? பஸ் “போனது” என்று சொல்லாமல் “சத்தம் கேட்டது” என்று ஏன் இருக்கிறது? அவன் அப்போது எந்தப் பக்கம் பார்த்து நின்றிருப்பான்? ஐந்து வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கதையிலிருந்து ஒரு சொல்லைச் சாட்சியாக வையுங்கள்.